டமாஸ்கஸ் பெட்டியின் மூலை

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவனிடம் யாரும் நகைப்பெட்டியைப் பழுது பார்க்கக் கொடுக்க மாட்டார்கள். என் மனைவியின் அக்கா கொடுத்தார்.

அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். குவைத்தில் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது சேலத்தில் சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறார். மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். எங்களில் தாலியையும் கூறைப்புடவையையும் மாப்பிள்ளை வீட்டார்தான் கொண்டுபோக வேண்டும். தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுபோவதுதான் வழக்கம். அண்ணிக்குத் தாம்பாளம் போதாது. தாலி இந்தப் பெட்டியில்தான் பீடத்துக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம். ஏனென்றால் பெட்டி டமாஸ்கஸில் செய்தது. குவைத்தில் அவரோடு ஒரே வார்டில் வேலை பார்த்த சிரியாக்காரத் தோழியின் அப்பா செய்தது. அண்ணி அங்கே போன சில வருஷத்திலேயே தோழி பரிசாகக் கொடுத்திருக்கிறார். அந்தத் தோழி இப்போது ஜெர்மனியில். கல்யாணத்துக்கு முதல் நாள் வீடியோவில் வந்து, பெட்டியையும் அதற்குள் தாலியையும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் பெட்டி என் கைக்கு வந்தது. படி அரிசி கொள்கிற அளவு. மூடியிலும் பக்கங்களிலும் இம்மி இடம் விடாமல் நட்சத்திரம், முக்கோணம், நட்சத்திரம். நடுநடுவே சிப்பி. வெளிச்சத்தில் சாய்த்தால் சிப்பி பச்சையாகி, ரோஸாகி, வெள்ளைக்குத் திரும்பியது.

"கீலு ரெண்டும் ஆடுது மாப்ள. அத மட்டும் பாருங்க. வேற எதையும் தொட வேண்டாம்."

லாரிக் கதவுக்கே கீல் மாட்டுகிறவன் நான், இதெல்லாம் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை என்றேன். அப்படிச் சொன்னபோது என் மீசைகூட கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.

பட்டறையில் வைத்துத் திருப்பிப் பார்த்தபோது, மூடியின் வலது மூலை லேசாக எழும்பியிருந்தது. நகம் நுழைகிற அளவுதான். எழும்பின மூலையைப் பார்த்தால் எங்கள் தொழிலில் யாருக்கும் கை சும்மா இருக்காது. லாரி கண்ணாடியில் ஒட்டுகிற ரேடியம் ஸ்டிக்கர் இப்படித்தான் மூலையில் முதலில் கிளம்பும். ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டி, பட்டித் தகட்டால் ஒரு தேய் தேய்த்தால் படுத்துவிடும். இத்தனை பொடியாக ஒரு மனுஷன் கையால் ஒட்டியிருக்க மாட்டான், அச்சடித்த தாளின் மேல் வார்னிஷ் போட்டிருக்கிறார்கள் என்று என் மூளை தீர்ப்புச் சொல்லியிருந்தது. அண்ணிக்கு ஓர் ஆச்சரியமாகவும் இருக்கட்டும் என்று கன்னை எடுத்தேன்.

அரை நிமிஷம் ஆகியிருக்காது. முடி தீய்கிற மாதிரி வாடை வந்தது. தகட்டை வைத்து அழுத்தினேன். தகடு மேலே தேய்ப்பதற்குப் பதில் அடியில் நுழைந்தது. நாலு விரல் நீளத்துக்கு டிசைன், எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டு எழுந்தது. எழுந்து, உடைந்து, பொடிப்பொடியாகத் தரையில் கொட்டியது.

அடுத்த நாலு நிமிஷம் நான் செய்ததை வரிசைப்படுத்தினால் குடும்ப மானம் போகும், ஆனாலும் சொல்கிறேன். ஃபேனை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். ஃபேன் ஓடவே இல்லை, காலையிலிருந்து கரண்ட் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தது, யாரும் இன்னும் ஸ்விட்சைப் போடவில்லை. பிறகு, கீழே விழுந்த ஆணி பொறுக்குகிற பெரிய காந்தத்தை எடுத்துத் தரையெல்லாம் இழுத்தேன். கால் கிலோ இரும்புத்தூள் வந்தது. மரமும் சிப்பியும் காந்தத்துக்கு வராது என்பது அப்புறம்தான் உறைத்தது. கடைசியாகப் பெட்டியை ஒரு சாக்கால் மூடி, அதன் மேல் நானே உட்கார்ந்துகொண்டேன். எதற்கென்று இன்றைக்கும் தெரியவில்லை.

எங்கள் பட்டறையில் லாரிக்குப் பூவும் மயிலும் எழுதுகிற பெயிண்டர், என்னைவிடப் பெரியவர், சேந்தமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். தூரிகையைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"ஏனுங்க மேஸ்திரி, யாரோட சாமானுங்க?"

அண்ணியோடது என்றேன்.

"அப்ப இன்னைக்கு நீங்க ஊட்டுக்குப் போக வேண்டாங்க. எங்கூட கொல்லிமலைக்கு வந்துருங்க. அங்க டவர் எடுக்காது."

அன்று சாயங்காலமே அண்ணியின் போன். கீல் ஆச்சா என்று கேட்டார். இவ்வளவு சின்னக் கீல் இங்கே கிடைக்காது, கோயம்புத்தூரில் சொல்லியிருக்கிறேன் என்றேன். பொய் என் வாயில் இவ்வளவு சரளமாக வரும் என்று எனக்கே தெரியாது. அவர் சரி என்றார். வைக்கப்போகையில், "மூலையத் தொடலையே மாப்ள?" என்றார்.

எப்படித் தெரியும்? என் பட்டறையில் கேமரா வைத்திருக்கிறாரா? அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தேன். பல்லிதான் இருந்தது. மறுநாளும் போன் செய்தார். அதற்கு மறுநாளும். கீலைப் பற்றி ஒரு வார்த்தை, கடைசியில் மூலையைப் பற்றி ஒரு வார்த்தை. இருபது வருஷ நர்ஸ், நோயாளியின் முகத்தைப் பார்த்தே காய்ச்சலைச் சொல்கிறவர், என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார் என்று முடிவு செய்தேன்.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். பொறுக்கி எடுத்த பொடிகளை ஒரு மூடியில் போட்டு, முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். அச்சு இல்லை. தாளும் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் மரம். மஞ்சள் ஒன்று, கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று. அரிசியில் பாதி இருக்கும் முக்கோணங்கள். ஒரு நட்சத்திரத்துக்குப் பன்னிரண்டு. மூடியில் நட்சத்திரங்களை எண்ண ஆரம்பித்து நூற்று நாற்பதில் கண் கலங்கி விட்டுவிட்டேன். இதை ஒவ்வொன்றாக ஒட்டினால் அந்த மனுஷருக்கு ஒரு பெட்டிக்கே ஆயுசு முடிந்திருக்கும். அப்படியானால் எப்படி?

மூன்று நாள் இந்தக் கேள்வி என்னைப் பிடித்து ஆட்டியது. விடை எங்கள் சமையலறையில் இருந்தது. மனைவி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். ஐந்து மூலையோடு ஒரு பூ. அடுத்த துண்டிலும் அதே பூ. காய் முழுக்க உள்ளே ஒரே பூதான், கத்தி எங்கே விழுந்தாலும் அதுதான் வெளியே வரும்.

ஆக, பெட்டிக்காரர் முதலில் ஒரு வெண்டைக்காயைச் செய்கிறார். மெல்லிய முக்கோணக் குச்சிகளை நீளநீளமாகச் சீவி, நிறம் பார்த்து அடுக்கி, பசை போட்டு, நூலால் இறுக்கிச் சுற்றிக் காயவைக்கிறார். காய்ந்த கட்டைக் குறுக்கே மெல்லிசாக அறுத்தால் ஒவ்வொரு வில்லையிலும் நட்சத்திரம். அந்த வில்லைகளைத்தான் பெட்டியில் ஒட்டுகிறார். பிறகு செல்போனில் தேடினேன். அரபியில் பேசுகிற வீடியோக்கள், ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் கைகள் நான் நினைத்ததையே செய்தன. வெண்டைக்காய்க்கு ஐந்து மூலை, அவர்களுக்கு ஆறு, அவ்வளவுதான் வித்தியாசம். சந்தோஷத்தில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உடைத்ததையும் சேர்த்து. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அக்கா உங்களக் கொன்னா நான் சாட்சி சொல்ல மாட்டேனுங்க."

அந்த வீடியோக்களில் இன்னொன்றும் தெரிந்தது. வெள்ளைக்குச் சில இடத்தில் சிப்பி, சில இடத்தில் ஒட்டக எலும்பு வைப்பார்களாம். எனக்கு உடனே பொறி தட்டியது. உடைந்த மூலையில், கடைக்கோடியில் ஒரு வெள்ளைத் துண்டு இருந்தது. மினுமினுப்பு இல்லை, வெறும் பால்வெள்ளை. அதைச் சுற்றியிருந்த பசையும் வேறு, கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது. சூட்டில் மற்றதெல்லாம் கழன்றபோது அது மட்டும் ஓரத்தில் சுருண்டிருந்தது. பெயிண்டரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் விளக்கம் கொடுத்தேன். இது பாலைவன ஒட்டகத்தின் எலும்பு, கடும் வெயிலில் வளர்ந்த பிராணி, அதனால்தான் சூட்டுக்கு இப்படி வளைந்து கொடுக்கிறது, இதை ஒட்டுவதற்கென்றே அங்கே தனிப் பசை. அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். முகர்ந்தார்.

"மேச்சேரி ஆட்டு எலும்பு இப்படிச் சுருளாதுங்க," என்றார் யோசனையாக.

நம் ஆட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவரை அடக்கிவிட்டேன்.

மீதி இருந்தது ஏழு நாள். மரம் வேண்டும். கறுப்புக்குப் பெயிண்டர் தன் கழுத்திலிருந்த கருங்காலி மாலையைக் கழற்றி, பெரிய மனதோடு ஒரு மணியைக் கொடுத்தார். விளம்பரம் பார்த்து வாங்கியது. அறுத்தால் உள்ளே வெள்ளை. சாயம். அவர் அன்று மத்தியானம் சோறு சாப்பிடவில்லை. பிறகு, லாரிச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வைத்திருந்த பழைய பனஞ்சட்டத்தில் ஒரு துண்டை அறுத்தேன். கரியாக, நடுவே கோடு ஓடிக்கொண்டு, அசல் கறுப்பு. சிவப்புக்கு வேப்பமரத்தின் உள்வைரம். மஞ்சளுக்குத்தான் திண்டாட்டம். டமாஸ்கஸில் எலுமிச்சை மரம் வைப்பார்களாம். எலுமிச்சை மரத்தை எனக்காக வெட்டித் தர யாரும் தயாராக இல்லை. பட்டறைக்குப் பின்னால் புறம்போக்கில் நிற்கிற நுணா மரம் ஞாபகத்துக்கு வந்தது. கிளை ஒன்றைச் சீவினால் உள்ளே மஞ்சள் அரைத்துப் பூசின மாதிரி. இத்தனை வருஷமாக அதன் நிழலில்தான் பைக்கை நிறுத்துகிறேன்.

சிப்பிக்கு மோகனூர் போனேன். காவிரிக்கரையில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தபோது மீன் பிடிக்கிறவர் ஒருவர் எதற்கென்று கேட்டார். மூட்டுவலிக்கு என்றேன். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விவரம் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன், இல்லையென்றால் இந்நேரம் மோகனூரில் பாதிப் பேருக்கு வயிறு கெட்டிருக்கும். ஆற்று மட்டியின் வெளித்தோல் சாணி நிறம். அரத்தால் தேய்க்கத் தேய்க்க, அடியிலிருந்து அதே பச்சையும் ரோஸும் வந்தன. அரத்தை வைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு லாரி ஓனர் வந்து பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போனாராம்.

முதல் வெண்டைக்காய் தோற்றது. நட்சத்திரத்தின் நடுவில் ஐந்து முக்கோணத்தை அடுக்கியதும் ஆறாவதற்கு இடமில்லை. ஒவ்வொரு குச்சியிலும் மயிரிழை பிசகு, ஆறும் சேர்ந்து ஒரு கதவு இடுக்கு அளவுக்குப் பிசகு. லாரி பாடியில் இத்தனை பிசகு இருந்தால் நான் ஒரு சுத்தியலால் சரிசெய்வேன். இரண்டாவதில் நடுவில் ஆறும் வெளியே ஆறும் பொருந்தின, ஆனால் அறுத்தபோது வில்லையைவிட ரம்பம் தின்றதுதான் அதிகம். ரம்பத்தை விட்டு, பேக்கிங் பட்டைத் தகட்டில் பல் வெட்டி நானே ஒன்று செய்தேன். மூன்றாவது கட்டில் வில்லைகள் விழுந்தன. முதல் வில்லையை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். நட்சத்திரம். கொஞ்சம் சப்பையாக, ஒரு கால் நொண்டியாக, ஆனாலும் நட்சத்திரம். பெயிண்டர் தூரிகையோடு வந்து நின்று, ரொம்ப நேரம் பார்த்தார். கிண்டல் எதுவும் வரவில்லை. அதுதான் எனக்குக் கிடைத்த பெரிய சான்றிதழ்.

பசை விஷயம் மூக்கால் தெரிந்தது. சூடு காட்டியபோது வந்த வாடை, தச்சர்கள் காய்ச்சும் வஜ்ரத்தின் வாடை. தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. சூட்டுக்கு இளகும், ஆறினால் இறுகும். பிற்பாடு எவனாவது பழுது பார்க்க வேண்டுமென்றால் சூடு காட்டிக் கழற்றிக்கொள்ளட்டும் என்று வைத்திருக்கிறார்கள். அந்த எவனாவது நான்தான். கடைவீதியில் பழைய இரும்புக்கடைக்காரர் தேடிப்பிடித்து ஒரு கட்டி கொடுத்தார். வில்லைகளை ஒட்டியதும் அழுத்திப் பிடிக்க ஏதாவது வேண்டுமே. பலகை, பழைய போர்வை, அதன் மேல் ஜாக்கி, ஜாக்கிக்கு மேல் நின்றுகொண்டிருந்த லாரியின் சேஸ். ஜாக்கியைத் தொட்டும் தொடாமலும் ஒரு திருப்பு. பத்துச் சக்கர லாரிக்கு அடியில் நகைப்பெட்டி ஒன்று இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் அந்த லாரியில் யாரையும் ஏற விடவில்லை. ஓனர் வந்தால், பெயிண்ட் காயவில்லை என்றேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பெட்டியை ஒரு துண்டில் சுற்றி, மடியில் வைத்து, பஸ்ஸில் சேலம் போனேன். வீட்டில் பந்தல் போட்டாகிவிட்டது. மல்லிகைப்பூக் கூடை ஒருபுறம். அண்ணி என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய் ஜன்னல் பக்கம் பெட்டியை வைத்தார். சிப்பியைப் பார்க்கவில்லை. கீலைப் பார்க்கவில்லை. அவர் விரல் நேராக அந்த மூலைக்குப் போனது. தடவியது. நின்றது.

நான் ஆரம்பித்துவிட்டேன். ஸ்டிக்கர், கன், காந்தம், வெண்டைக்காய், கோயம்புத்தூர்ப் பொய், மூட்டுவலி, எல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. ஒட்டக எலும்பைப் பத்திரமாகக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு, இது ஒன்றுதான் ஒட்டவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அண்ணி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மெதுவா பேசுங்க மாப்ள. அது ஒட்டகம் இல்ல. மாத்திர டப்பா மூடி."

குவைத்தில், கிடைத்த இரண்டாம் மாதமே பெட்டியைக் கைதவறிப் போட்டிருக்கிறார். மூலை உடைந்துவிட்டது. தோழியிடம் சொல்ல வாய் வரவில்லை. வார்டிலிருந்த வெள்ளை மூடி ஒன்றைக் கத்தரித்து, சட்டென்று ஒட்டுகிற பசையால் ஒட்டியிருக்கிறார். தோழி அறைக்கு வரும்போதெல்லாம் அந்த மூலையில் ஒரு பூங்கொத்தோ புத்தகமோ இருக்குமாறு பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷமாக. தினமும் போனில் மூலையைக் கேட்டது என்னைச் சந்தேகப்பட்டு அல்ல. நான் கண்டுபிடித்துவிடுவேனோ என்று.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சிரிப்பு வருவதற்குள் போன் அடித்தது. ஜெர்மனி.

எங்களில் யாரும் திட்டம் போடவில்லை. ஆனால் அண்ணி போனைப் பிடிக்க, நான் பெட்டியைத் தூக்கிக் காட்ட, என் கட்டைவிரல் தானாகப் போய் அந்த மூலையில் உட்கார்ந்துகொண்டது. திரையில் நரைத்த முடியோடு ஒரு அம்மாள். இருவரும் இங்கிலீஷும் அரபியுமாகப் பேசினார்கள். அந்த அம்மாள் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். பிறகு ஏதோ கேட்டார். அண்ணியின் முகம் மாறியது.

"விரல எடுக்கச் சொல்றா, மாப்ள."

எடுத்தேன். திரைக்குள் முகம் பக்கத்தில் வந்தது. நான் இதுவரை எந்த ஆர்டிஓ ஆபீசரிடமும் இப்படி வேர்த்து நின்றதில்லை. அந்த அம்மாள் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். அண்ணி அதை எனக்குச் சொல்வதற்கு முன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த மாத்திர மூடி எங்கன்னு கேக்கறா."

தெரிந்திருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே. பூங்கொத்தை நகர்த்திப் பார்த்திருக்கிறார், நகர்த்திய இடத்திலேயே திருப்பி வைத்திருக்கிறார். அண்ணி முகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் காகித மடிப்பைப் பிரித்து மூடித் துண்டைத் திரைக்குக் காட்டினேன். அங்கேயிருந்து பெரிய சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் அண்ணியிடம் பேசவில்லை, என்னிடம்தான் பேசினார். அண்ணி சொல்லச் சொல்ல நான் பதில் சொன்னேன். கறுப்பு என்ன மரம்? பனை. சிப்பி எங்கே கிடைத்தது? ஆற்றில். இந்த மஞ்சள்? அவர் அப்பா எலுமிச்சையில் செய்வார், இது எலுமிச்சை இல்லை, இன்னும் அழுத்தமான மஞ்சள், இது என்ன?

நுணா என்று சொன்னால் அவருக்கு எப்படித் தெரியும்? போனை வாங்கிக்கொண்டு பந்தலைத் தாண்டி வெளியே போனேன். தெருமுனைக் காலி மனையில் ஒரு நுணா நின்றது. அதன் அடியில் ஒரு ஆடு. மரத்தைக் காட்டினேன், இலையைக் காட்டினேன், பின்னாலேயே வந்த அண்ணி மூச்சு வாங்க மொழிபெயர்த்தார். ஒரு சின்னக் கிளையை ஒடித்து, சாவியால் பட்டையைச் சுரண்டி உள்மஞ்சளைக் காட்டினேன். அந்த அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அதை ஒரு குச்சியாகச் சீவித் தபாலில் அனுப்ப முடியுமா, அப்பாவின் பட்டறையை இப்போது தம்பி நடத்துகிறான், அவனுக்குக் காட்ட வேண்டும் என்றார். ஆடு பாதிக் கிளையைத் தின்பதற்குள் மீதியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

எனக்குத் தலை கொஞ்சம் வானத்தில் இருந்தது. டமாஸ்கஸ் பட்டறைக்கே மரம் அனுப்பப்போகிறவன். உள்ளே வந்து போனை அண்ணியிடம் கொடுத்தேன். கடைசியாக, பெட்டியைத் திறந்து தாலியை வைத்துக் காட்டச் சொன்னார் தோழி. அண்ணி பெருமையோடு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் ஒரு மேதையின் நிதானத்தோடு மூடியைப் பிடித்துத் தூக்கினேன்.

மூடி முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

பன்னிரண்டு நாளில் நான் கீலைத் தொடவே இல்லை.